பெரியவர்கள் இரண்டு

பாசெலில் என் கட்டிலின் அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர்.
நானே ஒருக்களித்துத்தான் படுக்கிறேன்.
ஆகவே இருவரில் யாரையும் இங்கே தங்கவைக்க முடியாது
என்பது உண்மை.
உண்மை கைவசம் இருக்கும்போது
பொய்க்கு அலைய வேண்டியதில்லை.

அக்டோபர் கடைசி வாரம்
என் பூஞ்சைகளைப் பற்றி நான்கு பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள்.
பிறகு கைகுலுக்கல்,
பிறகு காகிதக் கோப்பையில் வைன்.
அப்பா ஈரோட்டிலிருந்து வருகிறார்.
அம்மா பீளமேட்டிலிருந்து.
இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்,
ஆறு வருடம்,
குடும்பநல நீதிமன்றத்தின் ஒரு முத்திரை.

அதே வாரம்தான் இலையுதிர்காலச் சந்தையும்.
பேராலயத்தின் முன்னால் ராட்டினம் மேலே போகிறது,
கூடவே அறை வாடகையும் போகிறது.
ராட்டினம் இறங்கிவிடுகிறது.

படைத்தளபதிபோல வரைபடத்தை விரித்தேன்.
இந்த ஊரில் ஒரு வசதி:
எட்டாம் எண் டிராமில் கண்ணயர்ந்தால் ஜெர்மனி,
மூன்றாம் எண்ணில் கண்ணயர்ந்தால் பிரான்ஸ்.
அப்பாவுக்கு வைல்.
கீழே ரொட்டிக்கடை, ஐந்தரைக்கே திறந்துவிடும்,
அறை எண்பது யூரோ.
அம்மாவுக்கு சென் லூயி,
நிலையத்துக்கு எதிரே, லிப்ட் உண்டு.
நடுவில் ரைன் ஆறு, ஒரு நாடு, நான்.

பிரிந்து வாழ்பவர்களுக்கு
இதைவிடத் தோதான ஊர் உலகத்தில் இல்லை
என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

கிளாரா சதுக்கத்துப் பக்கமும் பார்க்காமல் இல்லை.
ஆறு தெரியும் அறை, ஆறு தெரியாத அறை,
வித்தியாசம் அறுபது பிராங்க்.
தண்ணியப் பாக்க அறுபதா, என்பார் அப்பா.
அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள்,
போனதும் திரையை இழுத்து மூடிவிடுவாள்.
என் அறைக்குப் பின்தெருவில் ஒரு பழைய விடுதி,
மலிவு, ஆனால் நான்கு மாடியும் படிக்கட்டு.
இன்னொன்றில் சுவர்கள் மெல்லியவையாம்.
அப்பாவின் குறட்டையை அறிந்தவள் நான்,
முகம் தெரியாத அடுத்த அறைக்காரருக்காக
அதைக் கைவிட்டேன்.

பிறகு விசா குறுக்கே வந்தது.
எந்த நாட்டில் படுக்கிறார்களோ
அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும்.
ஒரு மகள், ஒரே பட்டம்,
அப்பா ஜெர்மன்காரர்களின் வரிசையில்,
அம்மா பிரெஞ்சுக்காரர்களின் வரிசையில்.

"ஜெர்மனியா?" என்றார் அப்பா.
"புள்ள சுவிஸ்ல இருக்கறா, நீ எதுக்கு அங்க போறீன்னு
கவுண்டர்ல கேட்டா என்ன சொல்றது கண்ணு?"

அம்மாவிடம் போனில் மூன்று நாட்டையும் விளக்கினேன்,
டிராம் எண்களோடு.
அவள் பக்கம் குக்கர் இரண்டு விசில் விட்டது.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்:
"ஒரே ஓட்டல் போதும்.
மாடி மட்டும் வேறயாப் போடு.
அவரு ஏழு மணிக்கே சாப்பிட எறங்கிருவாரு,
நான் எட்டரைக்கு மேல போய்க்கறேன்."

ஆறு வருடம் முகம் பார்க்காத ஒருவரின் பசி நேரத்தை
எந்த டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்?
கேட்கவில்லை.
அவள்தான் கேட்டாள்:
"ரெண்டு ரூமும் ஒரே வெலதானே?"

ஒரே விலைதான், அம்மா.
நிலையத்துக்குப் பின்புறம், டிராம் சத்தம் கேட்காத பக்கம்.
அப்பாவுக்கு இரண்டாம் மாடி, உனக்கு ஐந்தாவது.
லிப்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது,
அதை நான் சொல்லவில்லை.

இரவு பதிவு செய்ய உட்கார்ந்தேன்.
அறைகள்: இரண்டு.
பெரியவர்கள்: இரண்டு.
குழந்தைகள் என்ற கட்டத்தில்
ஏற்கெனவே ஒரு சுழியம் இருந்தது.
எனக்கு முப்பதாகப் போகிறது.
இருந்தாலும் விரல்
அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனது.

ரத்து செய்யக் கட்டணம் இல்லை,
பதினெட்டாம் தேதி மாலை ஆறு மணி வரை.